கர்ஜத் லோக்கலும் ஒரு கயிறும்

மழைக்காலத்துச் சனிக்கிழமை இரவுகளில் மும்பையின் குர்லா ஸ்டேஷன் நெரிசலுக்குள் இன்னொரு கூட்டமும் கலந்திருக்கும். முதுகில் பை, காலில் போன வாரத்துச் சேறு காய்ந்த ஷூ. செம்பூர்த் தமிழ்ப் பிள்ளைகள் ஹார்பர் வண்டியில் வந்து இங்கே இறங்கி மாறுவார்கள். நள்ளிரவை ஒட்டிய கர்ஜத் அல்லது கசாரா லோக்கலைப் பிடித்துவிட்டால், விடியும்போது மேற்குத் தொடர்ச்சி மலையான சஹ்யாத்ரியின் அடிவாரத்தில் நிற்கலாம்.

ஊரையும் மலையையும் முடிச்சுப் போட்டது ரயில்தான். இந்தியாவின் முதல் மின்சார ரயில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் இந்தக் குர்லா. பின்னாளில் லோக்கல்கள் கர்ஜத், கசாரா வரை நீள, கையில் பெரிதாகக் காசில்லாத குமாஸ்தாவும் மில் தொழிலாளியின் மகனும் மலைக்குப் போக முடிந்தது. 1954இல் கிரிவிஹார் என்ற மலையேற்றக் கழகம் மும்பையில் பிறந்தது. ஜவுளி வியாபாரியான ஹரிஷ் கபாடியா ஞாயிறுதோறும் நடந்த பாதைகளைப் புத்தகமாக எழுதினார். இமயமலைப் பயணங்களுக்காக 2003இல் லண்டன் ராயல் புவியியல் கழகத்தின் பேட்ரன்ஸ் பதக்கமும் பெற்றார். அவரைப் படித்துவிட்டுக் கிளம்பியவர்கள் ஏராளம்.

ஆனால் இந்தப் பழக்கத்தின் பெருமை ஏறிய உயரத்தில் இல்லை. மகாராஷ்டிரத்தின் உச்சியான கள்சுபாயே 1,646 மீட்டர்தான். பெருமை வேறிடத்தில் இருக்கிறது: ஒருவர் விழுந்தால் மற்றவர் இறங்குவார். லோனாவ்ளாவின் சிவதுர்க் மித்ரா, கோபோலியின் யஷ்வந்தி ஹைக்கர்ஸ், முலுண்டின் சக்ரம் ஹைக்கர்ஸ் என்று ஊருக்கு ஊர் குழுக்கள் உண்டு. இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. பள்ளத்தாக்கில் யாரோ சிக்கியதாகப் போன் வந்தால், வேலையை அப்படியே விட்டுவிட்டுக் கயிறும் ஸ்ட்ரெச்சருமாகக் கிளம்புகிறார்கள். அடிபட்டவரை நாலைந்து பேர் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாறையில் அடிமேல் அடி வைத்து இறங்க, மேலே ஒருவர் பாறையில் கட்டிய கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பார். கைகள் சோரும், ஆள் மாறுவார்கள், ஸ்ட்ரெச்சர் நிற்காது.

2018 ஜூலை 28 அன்று அம்பேனளி மலைப்பாதையில் தாபோலி வேளாண் பல்கலைக்கழக ஊழியர்களின் பேருந்து பள்ளத்தில் உருண்டது. ஒரே ஒருவர்தான் பிழைத்தார். மற்றவர்களின் உடல்களை மேலே கொண்டுவரக் கயிறு கட்டி இறங்கியவர்களில் மஹாபலேஷ்வர் மலையேற்றக் குழுவினரும் இருந்தார்கள்.

2023 ஜூலை 19 இரவு இர்ஷால்வாடியில் நடந்தது இன்னும் கொடியது. இர்ஷால்கட் கோட்டைக்கு ஏறுகிறவர்கள் கடந்துபோகும் ஆதிவாசிக் கிராமம் அது. மலை சரிந்து வீடுகளை மூடியது. மேலே செல்ல வண்டிப்பாதை இல்லாததால் மண் அள்ளும் இயந்திரம் எதுவும் போக முடியவில்லை. கொட்டும் மழையில் மண்வெட்டியாலும் கையாலும் தோண்டினார்கள். மீட்புப் படையினரோடு தன்னார்வ மலையேறிகளும் தோள்கொடுத்தார்கள். 27 உடல்கள் கிடைத்தன. 57 பேர் மண்ணுக்குள்ளேயே போனார்கள். பொழுதுபோக்காக ஏறிய பாதை அன்று பேருதவியாயிற்று.

குர்லாக்காரர்களுக்கும் இந்த மனம் அந்நியமானதல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டித் தீர்த்து, மித்தி ஆறு குர்லாவுக்குள் புகுந்தபோது, முன்பின் தெரியாதவர்கள் கைகோத்துப் பாதசாரிகளைக் கரை சேர்த்தார்கள்.

அனுபவசாலிகளையும் மலை விட்டுவைப்பதில்லை. பல தலைமுறைக்கு மலையேற்றம் பழக்கிய அருண் சாவந்த், 2020 ஜனவரியில் ஹரிஷ்சந்திரகட்டின் கொங்கண் கடா செங்குத்துப் பாறையில் கயிற்றில் இறங்கும்போது விழுந்து இறந்தார். வயது 60. தேடிப்போய் அவரை மீட்டுவந்தவர்களும் மலையேறிகளே. மலையேறிகளின் உலகில் சாவு வீட்டுக்கு முதலில் வந்து சேரும் உறவு பெரும்பாலும் இந்த நட்புதான்.

அத்தகைய நண்பரை நினைவுகூர்வதற்கும் இவர்களிடம் ஒரு வழி இருக்கிறது: அவர் விட்ட வேலையைத் தொடர்வது. சஹ்யாத்ரி பிரதிஷ்டான், துர்கவீர் போன்ற அமைப்புகளின் தன்னார்வலர்கள் கோட்டைகளுக்கு ஏறி, பாறையில் குடைந்த பழைய நீர்த்தொட்டிகளைத் தூர்வாருகிறார்கள். பிளாஸ்டிக் குப்பையை மூட்டை கட்டி இறக்குகிறார்கள். விருதாகவும் நினைவு தொடர்கிறது. மும்பையைத் தலைமையிடமாகக் கொண்ட ஹிமாலயன் கிளப்பைப் பல ஆண்டுகள் தாங்கி நடத்திய ஜகதீஷ் நானாவதி 2011இல் மறைந்தார். அவர் பெயரால் கிளப் இரண்டு விருதுகள் வழங்குகிறது. ஒன்று மலையேறிகளுக்கு. மற்றொன்று, கருட் தங்கப் பதக்கம், அவர்களுக்காகச் சுமை தூக்கி, வழி திறந்து, சமைத்துப் போடும் உதவியாளர்களுக்கு.