மதுரை-இராமநாதபுரம் பகுதியில் கிறித்தவ ஒன்றிப்பு

கிறித்தவ ஒன்றிப்பு என்பது, பல திருச்சபைகளாகப் பிரிந்து வாழும் கிறித்தவர்கள் மீண்டும் ஒன்றுபட வேண்டும் என்னும் நோக்கத்துடன் மேற்கொள்ளப்படும் இறைவேண்டலையும் அமைப்பு முயற்சிகளையும் குறிக்கும். உலக அளவில் இம்முயற்சியின் முதன்மையான விளைவுகளுள் ஒன்று, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபை ஆகும். அருப்புக்கோட்டை, திருச்சுழி ஆகிய ஊர்களை உள்ளடக்கிய வானம் பார்த்த நிலப்பகுதி, அத்திருச்சபையின் மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தைச் சேர்ந்தது. இக்கட்டுரை அப்பகுதியை மையமாகக் கொண்டு ஒன்றிப்பின் வரலாற்றை விளக்குகிறது.

பெயர்

தமிழ்க் கத்தோலிக்கர் இதனை "ஒன்றிப்பு" என்றும், சீர்திருத்தச் சபையினர் "ஐக்கியம்" என்றும் வழங்குவர். "எக்குமெனிக்கல்" என்னும் சொல்லும் இரு சாராரிடமும் வழக்கில் உள்ளது. மக்கள் குடியிருக்கும் உலகம் முழுவதையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இது வந்தது. யோவான் நற்செய்தியின் 17ஆம் அதிகாரத்தில், தம் சீடர்கள் ஒன்றாயிருக்க வேண்டும் என்று இயேசு வேண்டும் பகுதியே இவ்வியக்கத்திற்கு அடிப்படையாகக் கொள்ளப்படுகிறது.

பின்னணி

இப்பகுதிக்குக் கிறித்தவம் வெவ்வேறு வழிகளில் வந்தது. இராபர்ட் தெ நோபிலி 1606இல் மதுரையை வந்தடைந்ததை அடுத்து இயேசு சபையினரின் மதுரை மிஷன் வளர்ந்தது. அதன் வழிவந்த அருளானந்தர் (ஜான் தெ பிரிட்டோ) 1693இல் சேதுபதி ஆட்சிப் பகுதியிலிருந்த ஓரியூரில் கொல்லப்பட்டார்.

சீர்திருத்தச் சபைகளைப் பொறுத்தவரை, யாழ்ப்பாணத்தில் பணியாற்றி வந்த அமெரிக்க மிஷனரிகள் 1834இல் மதுரையில் அமெரிக்கன் மதுரை மிஷனைத் தொடங்கினர். இவர்கள் காங்கிரிகேஷனல் மரபினர். அதாவது, பேராயர்கள் இல்லாத, ஒவ்வொரு சபையும் தன்னைத்தானே நிர்வகிக்கும் முறையைக் கொண்டவர்கள். மண்டபசாலையும் அருப்புக்கோட்டையும் இம்மிஷனின் நிலையங்களாக இருந்தன. மேற்கே சிவகாசி, சாட்சியாபுரம் பக்கத்தில் ஆங்கிலிக்கத் திருச்சபையின் சி.எம்.எஸ். சங்கமும், கிழக்கே இராமநாதபுரம் பக்கத்தில் அதே திருச்சபையின் எஸ்.பி.ஜி. சங்கமும் பணியாற்றின.

ஒருவர் பணிபுரியும் பகுதியில் மற்றவர் நுழைவதில்லை என்ற எல்லை உடன்பாடு மிஷன்களிடையே இருந்தது. இதனால் போட்டி குறைந்தது. ஆனால் ஒருவர் எந்தச் சபையைச் சேர்ந்தவர் என்பதை அவருடைய நம்பிக்கையைவிட அவர் பிறந்த ஊரே முடிவு செய்தது. மழை பொய்த்த ஆண்டுகளில் பிழைப்புத் தேடி ஊர் பெயரும் வழக்கம் கொண்ட இக்கரிசல் பூமியில் இது வெறும் கோட்பாட்டுச் சிக்கலாக இருக்கவில்லை. அமெரிக்க மிஷன் சபையில் திருவிருந்து பெற்றுவந்த ஒருவர் ஆங்கிலிக்கப் பகுதிக்குக் குடிபெயர்ந்தால், பேராயரிடம் திடப்படுத்தல் பெறாதவர் என்ற காரணத்தால் அங்கே திருவிருந்தில் பங்குபெற இயலாத நிலை ஏற்படக்கூடும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எழுந்த பிரிவினைகள், அவற்றில் எவ்விதத் தொடர்பும் இல்லாத தமிழ்ச் சிற்றூர் மக்களைப் பிரித்து வைத்தன.

தரங்கம்பாடி மாநாடு

முதற்கட்டமாக, 1908இல் தென்னிந்தியாவின் பிரெஸ்பிட்டேரியன் சபைகளும் காங்கிரிகேஷனல் சபைகளும் இணைந்து தென்னிந்திய ஐக்கிய திருச்சபையை அமைத்தன. அமெரிக்கன் மதுரை மிஷனின் சபைகளும் இதில் அடங்கும். ஆகவே அருப்புக்கோட்டை வட்டாரச் சபைகள் 1947க்கு முன்பே ஓர் ஒன்றிப்பைக் கண்டவை.

1919 மே 1, 2 ஆகிய நாட்களில் தரங்கம்பாடியில் நடந்த மாநாடு பெரும் திருப்பமாக அமைந்தது. ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான வே. ச. அசரியாவும், ஐக்கிய திருச்சபையைச் சேர்ந்த குரு வி. சந்தியாகுவும் இதனைக் கூட்டுவதில் முன்னின்றனர். கலந்துகொண்ட 33 பேரில் இருவரைத் தவிர ஏனையோர் இந்தியர். அவ்விருவர், முன்னர் வத்தலக்குண்டில் பணியாற்றிய ஷெர்வுட் எடியும், பின்னாளில் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த எச். ஏ. பாப்லியும் ஆவர். மக்கள்தொகையில் மிகச் சிறுபான்மையினரான இந்தியக் கிறித்தவர்கள், தாங்கள் உருவாக்காத பிரிவினைகளால் வலுவிழந்து நிற்பதை மாநாட்டு அறிக்கை எடுத்துரைத்தது.

பேச்சுவார்த்தை

1920இல் ஆங்கிலிக்கத் திருச்சபைக்கும் ஐக்கிய திருச்சபைக்கும் இடையே கூட்டுக்குழு அமைக்கப்பட்டது. 1925இல் வெஸ்லியன் மெதடிஸ்டுகளும் இதில் சேர்ந்தனர். இணைப்புத் திட்டத்தின் முதல் வரைவு 1929இல் வெளியானது. மாநாடு முதல் இணைப்பு வரை 28 ஆண்டுகள் கழிந்தன.

இத்தாமதத்திற்கு முதன்மைக் காரணம் குருத்துவம் பற்றிய கருத்து வேறுபாடாகும். திருத்தூதர் வழி வந்த பேராயரின் கைகளால் திருநிலைப்படுத்தப்பட்டவரே முறையான குரு என ஆங்கிலிக்கர் பலர் கருதினர். பேராயரே இல்லாத மரபில் வந்த காங்கிரிகேஷனல் குருக்களை மீண்டும் திருநிலைப்படுத்துவதென்றால், அவர்கள் அதுவரை ஆற்றிய பணி செல்லாது என்று சொல்வது போலாகும். இறுதியில் பின்வரும் தீர்வு எட்டப்பட்டது:

* இணையும் சபைகளின் குருக்கள் அனைவரும் மறு திருநிலைப்பாடு இன்றியே புதிய திருச்சபையின் குருக்களாக ஏற்கப்படுவர்.
* இணைப்புக்குப் பின் புதிதாகக் குருவாகும் அனைவரும் பேராயர்களால் திருநிலைப்படுத்தப்படுவர்.
* பேராயர் முறை ஏற்கப்படும். ஆனால் அதைப் பற்றிய குறிப்பிட்ட ஒரு விளக்கத்தை ஏற்குமாறு எவரும் வற்புறுத்தப்படமாட்டார்.
* எந்தச் சபையின் மீதும் அதன் மனச்சான்றுக்கு மாறாகக் குருவோ வழிபாட்டு முறையோ திணிக்கப்படமாட்டாது.
* முதல் 30 ஆண்டுகள் இரு வகைக் குருக்களும் இணைந்து வளரும் காலமாகக் கருதப்படும்.

இங்கிலாந்தில் இத்திட்டத்திற்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. கவிஞர் டி. எஸ். எலியட் 1943இல் இதனை எதிர்த்துச் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். அசரியா 1945 சனவரி 1 அன்று காலமானார். அதே மாதத்தில்தான் அவருடைய திருச்சபையின் பொது மன்றம் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. 1946இல் ஐக்கிய திருச்சபையும் இசைந்தது.

1947 இணைப்பு

இந்தியா விடுதலை பெற்ற ஆறு வாரங்களில், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் பேராயர் சி. கே. ஜேக்கப் தலைமையில் இணைப்பு வழிபாடு நடைபெற்றது. 14 திருமண்டலங்கள் அமைக்கப்பட்டன. பேராயர் மரபுச் சபையும் பேராயர் இல்லா மரபுச் சபைகளும் ஒரே திருச்சபையாக இணைந்தது சீர்திருத்தக் காலத்திற்குப் பின் இதுவே முதல் முறை எனக் குறிப்பிடப்படுகிறது.

மதுரை-இராமநாதபுரம் திருமண்டலத்தின் முதல் பேராயராக, ஸ்காட்லாந்து திருச்சபையைச் சேர்ந்த லெஸ்லி நியூபிகின் பொறுப்பேற்று 1959 வரை பணியாற்றினார். தலைமுறை தலைமுறையாகப் பேராயரையே அறியாத முன்னாள் அமெரிக்க மிஷன் சபைகளும், பேராயர் முறையிலேயே வளர்ந்த இராமநாதபுரம் பகுதியின் ஆங்கிலிக்கச் சபைகளும் இவருடைய ஆளுகையில் ஒன்றாயின. தம் ஊர்ப்புறப் பயணங்களை இவர் நாட்குறிப்பு வடிவில் எழுதிய நூல் 1951இல் வெளிவந்தது.

நந்தியால் பகுதி ஆங்கிலிக்கர்களில் ஒரு சாரார் 1947இல் இணையவில்லை. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் தனித்தே இயங்கி வருகிறது. எனினும் குருத்துவக் கல்வியில் ஒத்துழைப்பு ஏற்பட்டது. தென்னிந்தியத் திருச்சபையும் லுத்தரன் சபைகளும் இணைந்து நடத்தும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி 1969இல் மதுரை அரசரடியில் நிறுவப்பட்டது.

கத்தோலிக்கருடன் உறவு

1964 நவம்பர் 21 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஒன்றிப்பு பற்றிய ஆணையை வெளியிட்ட பின்னரே கத்தோலிக்கர் இவ்வியக்கத்தில் முழுமையாக ஈடுபட்டனர். தமிழ்நாட்டில் இதற்குத் தடையாக இருந்தவற்றுள் மொழி வழக்கும் ஒன்று. ஒரே திருத்தூதர் கத்தோலிக்கருக்கு "இராயப்பர்", சீர்திருத்தச் சபையினருக்குப் "பேதுரு". அவ்வாறே "சின்னப்பர்" பவுலையும், "அருளப்பர்" யோவானையும் குறிக்கும். இரு சாராரும் சேர்ந்து ஒரு பகுதியை வாசிக்கவோ ஒரு மன்றாட்டைச் சொல்லவோ முற்பட்டால் பெயர்களே வேறுபட்டன. இரு தரப்பு அறிஞர்களும் இணைந்து உருவாக்கிய "திருவிவிலியம்" பொது மொழிபெயர்ப்பு 1995இல் வெளியிடப்பட்டது. கத்தோலிக்கர் இதனை வழிபாட்டில் பயன்படுத்துகின்றனர். சீர்திருத்தச் சபைகளிலோ பழைய மொழிபெயர்ப்பே பெருவழக்காக உள்ளது. நற்கருணையில் ஒன்றாகப் பங்குபெறுவதும் இன்னும் கைகூடவில்லை.

ஒன்றிப்பு மன்றாட்டு வாரம்

ஆண்டுதோறும் சனவரி 18 முதல் 25 வரை ஒன்றிப்புக்கான மன்றாட்டு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இது பொங்கலை அடுத்து வருகிறது. 1908இல் அமெரிக்காவில் பவுல் வாட்சன் என்பவர் இதனைத் தொடங்கினார். பிறரைத் தம் சபைக்கு ஈர்ப்பதற்காக அன்றி, கிறித்து விரும்பும் ஒன்றிப்புக்காக வேண்டுவதே இதன் நோக்கம் என்று 1930களில் பிரெஞ்சு குரு பவுல் கூட்டூரியே வலியுறுத்தினார். எல்லாச் சபையினரும் மனமொப்பிப் பங்கேற்க இதுவே வழிவகுத்தது. 1968 முதல் உலகத் திருச்சபைகள் மன்றமும் வத்திக்கானும் கூட்டாகத் தயாரித்த வழிபாட்டு நூல் பயன்படுத்தப்படுகிறது.

2013ஆம் ஆண்டுக்கான நூலின் வரைவை இந்திய மாணவர் கிறித்தவ இயக்கம் தயாரித்தது. மீக்கா நூலின் 6ஆம் அதிகாரத்தை அடிப்படையாகக் கொண்ட அந்நூல், தலித் மக்கள் எதிர்கொள்ளும் அநீதியை மையப்பொருளாக்கியது.

விமரிசனங்கள்

சபைப் பிரிவைவிடச் சாதிப் பிரிவே தமிழ்க் கிறித்தவரிடையே ஆழமானது என்பது ஒன்றிப்பு இயக்கத்தின் மீது வைக்கப்படும் முதன்மையான விமரிசனமாகும். தமிழ்நாட்டின் சில ஊர்களில் ஒரே சபைக்குள்ளேயே சாதிவாரியாகத் தனிக் கல்லறைகள் இருந்து வந்துள்ளன. பேராயர் முறை குறித்து 28 ஆண்டுகள் பேசி உடன்பாடு காண முடிந்த திருச்சபைகளால், திருமண உறவிலும் கல்லறையிலும் நீடிக்கும் இப்பிரிவைக் கடக்க இயலவில்லை எனத் தலித் இறையியலாளர் சுட்டுகின்றனர். அமைப்புகள் இணைந்த போதிலும் ஒரே ஊரின் கத்தோலிக்க, சீர்திருத்த, பெந்தகொஸ்தே சபைகளிடையே அன்றாட உறவு குறைவு என்பதும், 1947க்குப் பின் பெருகிய தனிச் சபைகளில் பல இம்முயற்சிக்கு வெளியே நிற்கின்றன என்பதும் பிற விமரிசனங்களாகும்.

இவற்றையும் பார்க்க

* தென்னிந்தியத் திருச்சபை
* வேதநாயகம் சாமுவேல் அசரியா
* அமெரிக்கன் மதுரை மிஷன்
* இரண்டாம் வத்திக்கான் சங்கம்
* திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு