பண்டிகை நாள் சிறப்பு நிகழ்ச்சிகள் (தமிழ்த் தொலைக்காட்சி)

பண்டிகை நாள் சிறப்பு நிகழ்ச்சிகள் என்பவை தீபாவளி, பொங்கல், ஆயுத பூசை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு முதலிய நாட்களில் தமிழ்த் தொலைக்காட்சிகள் வழக்கமான தொடர்களை நிறுத்தி வைத்தோ குறைத்தோ ஒளிபரப்பும் நிகழ்ச்சிகள் ஆகும். பட்டிமன்றம், திரைக்கலைஞர் நேர்காணல், புதிய திரைப்படம் ஆகிய மூன்றும் இவற்றின் முதன்மையான உறுப்புகள். மேலை நாடுகளின் கிறிஸ்துமஸ் சிறப்பு நிகழ்ச்சிகளோடு இவற்றை ஒப்பிடுவதுண்டு. எனினும் இரண்டிற்கும் இடையே அடிப்படையான ஒரு வேறுபாடு உள்ளது. அங்கே ஒரே நிகழ்ச்சி ஆண்டுதோறும் திரும்ப வருகின்றது. இங்கே நிகழ்ச்சியின் வடிவம் மட்டுமே திரும்ப வருகின்றது.

மேலை நாட்டு வழக்கம்

ஐக்கிய அமெரிக்காவில் டிசம்பர் 6, 1964 அன்று என்.பி.சி. ஒளிபரப்பிய 'ருடால்ஃப் த ரெட்-நோஸ்டு ரெய்ன்டீர்', டிசம்பர் 9, 1965 அன்று சி.பி.எஸ். ஒளிபரப்பிய 'எ சார்லி பிரவுன் கிறிஸ்துமஸ்' ஆகிய இரண்டும் இவ்வகையில் புகழ்பெற்றவை. பின்னதில் சிறுவர் பாத்திரங்களுக்குச் சிறுவர்களே குரல் கொடுத்தனர். பின்னணிச் சிரிப்பொலி சேர்க்கப்படவில்லை. இசை ஜாஸ் வகையைச் சார்ந்தது. முன்னோட்டம் பார்த்த நிறுவன அலுவலர்கள் இது எடுபடாது என்றே எண்ணினர். ஆனால் அன்றிரவு தொலைக்காட்சி பார்த்த அமெரிக்கர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் இதைக் கண்டனர். அதன் பின்னர் 2000ஆம் ஆண்டு வரை சி.பி.எஸ்., 2001 முதல் ஏ.பி.சி. என அரை நூற்றாண்டுக்கு மேல் இது ஆண்டுதோறும் வந்தது. 2020இல் இதன் உரிமை ஆப்பிள் நிறுவனத்தின் கட்டண இணையச் சேவைக்குச் சென்றபோது பார்வையாளர்களிடையே எதிர்ப்பு எழுந்தது. அதனால் அவ்வாண்டும் அடுத்த ஆண்டும் பொதுத் தொலைக்காட்சியிலும் இது காட்டப்பட்டது.

மறு ஒளிபரப்பு வழக்கமாக வேரூன்றியதற்கு அன்பு மட்டும் காரணமன்று. 1946இல் வெளியான 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' திரைப்படத்தின் பதிப்புரிமை 1974இல் புதுப்பிக்கப்படாமல் போகவே, உள்ளூர் நிலையங்கள் பல அதைச் செலவின்றி டிசம்பர் மாதத்தில் காட்டத் தொடங்கின. வெளியான காலத்தில் போதிய வசூல் பெறாத அப்படம் இவ்வாறே கிறிஸ்துமஸ் படமாயிற்று. சுவீடனில் 1960 முதல் டிசம்பர் 24 பிற்பகல் 3 மணிக்கு டொனால்டு டக் இடம்பெறும் டிஸ்னி தொகுப்பு ஒன்று காட்டப்பட்டு வருகின்றது.

தமிழ்நாட்டில்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஆகஸ்டு 15, 1975 அன்று தொடங்கப்பட்டது. தென் மாவட்டங்களுக்கு அதன் ஒளிபரப்பு நெடுங்காலம் எட்டவில்லை. 1982இல் தொடங்கிய இலங்கையின் ரூபவாகினியே அங்குப் பல ஊர்களில் கிடைத்தது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலில் 1980களின் பிற்பகுதியில் அமைக்கப்பட்ட உயர்திறன் ஒளிபரப்பியே இந்நிலையை மாற்றியது. பழனி மலையின் வடக்கு அடிவாரத்திலுள்ள பாலசமுத்திரம் போன்ற சிற்றூர்களில் பண்டிகை நாள் நிகழ்ச்சி என்பது அக்காலத்தில் ஊராருடன் கூடிப் பார்ப்பதாகவே இருந்தது. பெட்டி உள்ள வீடுகள் சிலவே. மற்றவர்களுக்குப் பஞ்சாயத்து டிவி. 2006 முதல் 2011 வரை தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் இவ்வழக்கத்திற்கு ஏறக்குறைய முடிவு கட்டின எனலாம்.

ஏப்ரல் 14, 1993 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கிய பின்னர் பண்டிகை நாள் முழுவதும் சிறப்பு நிகழ்ச்சிகளால் நிரம்பியது. மதுரை அமெரிக்கன் கல்லூரியின் முன்னாள் தமிழ்ப் பேராசிரியர் சாலமன் பாப்பையா நடுவராக இருக்கும் பட்டிமன்றம் இவற்றுள் நிலைபெற்ற ஒன்று. ராஜா, பாரதி பாஸ்கர் ஆகியோர் இதன் வழியாகவே பரவலாக அறியப்பட்டனர். ஆண்டுதோறும் நடுவர் அவரே, பேச்சாளர்கள் பெரும்பாலும் அவர்களே, தலைப்பும் குடும்பம், உறவு, பணம் என்ற வட்டத்தை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஆயினும் சென்ற ஆண்டுப் பட்டிமன்றத்தை மறுபடியும் போட்டால் அதை ஏமாற்று என்றே பார்வையாளர் கொள்வர். 'இந்தியத் தொலைக்காட்சிகளில் முதன்முறையாக' என்னும் அறிவிப்பும் இதே மனப்பாங்கைச் சார்ந்தது. படத்தின் மதிப்பு அதன் புதுமையில் உள்ளது. மறுநாளே அது பழைய படமாகி விடுகின்றது.

பெயரிடுதல்

கலைஞர் தொலைக்காட்சி, பகுத்தறிவுக் கொள்கையை ஒட்டி, விநாயகர் சதுர்த்தி முதலிய நாட்களின் நிகழ்ச்சிகளை 'விடுமுறை நாள் சிறப்பு நிகழ்ச்சிகள்' என்றே அறிவித்து வந்தது. அத்தொலைக்காட்சி அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15, 2007 அன்று தொடங்கப்பட்டது. அவ்வாண்டு விநாயகர் சதுர்த்தியும் அதே நாளில் வந்தது. தமிழ்ப் புத்தாண்டைத் தை முதல் நாளுக்கு மாற்றிய 2008ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் ஏப்ரல் 14 நிகழ்ச்சிகளுக்கு 'சித்திரைத் திருநாள்' என்ற பெயரும் வழங்கியது. அச்சட்டம் 2011இல் நீக்கப்பட்டது.

ஆண்டுதோறும் வரும் படங்கள்

புதுமையை நாடும் இவ்வழக்கிற்கு விலக்காக இருப்பவை பக்திப் படங்கள். ஏ. பி. நாகராசன் இயக்கிய திருவிளையாடல் (1965) சிவராத்திரிக்கும், சரஸ்வதி சபதம் (1966) சரஸ்வதி பூசைக்கும், கந்தன் கருணை (1967) முருகனுக்குரிய நாட்களுக்கும் பொருத்தமாகக் காட்டப்படுகின்றன. மாங்கனிக்காக நடந்த போட்டியில் சினந்து முருகன் பழனிக்குச் சென்ற கதை திருவிளையாடலின் தொடக்கத்திலேயே இடம்பெறுவதால், பழனி வட்டாரத்தினர் அதனைத் தம் ஊர்ப் படமாகக் கருத இடமுண்டு. தைப்பூசம் 2021 முதல் தமிழ்நாட்டில் அரசு விடுமுறையானதால் அதுவும் சிறப்பு நிகழ்ச்சிகளுக்குரிய நாட்களுள் சேர்ந்தது.

கிறிஸ்துமஸுக்கு இவ்வாறு அமைந்தது தங்கப்பன் இயக்கத்தில் ஜெமினி கணேசன், பத்மினி, ஜெயலலிதா முதலியோர் நடித்த அன்னை வேளாங்கண்ணி (1971) ஆகும். இயேசுவின் வரலாற்றைக் கூறும் தெலுங்குப் படமான கருணாமயுடு (1978) தமிழில் கருணாமூர்த்தி என்ற பெயரில் மொழிமாற்றப்பட்டது. இது தொலைக்காட்சியில் வருவதற்கு முன்பே ஊர் ஊராகத் திரை கட்டிக் காட்டப்பட்ட படம். அமெரிக்கக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளின் பனியும் கலைமானும் இவற்றில் இல்லை. வேளாங்கண்ணிக் கடற்கரையும் மோர் விற்கும் சிறுவனும் உள்ளனர். தமிழ்ப் பார்வையாளர் மீண்டும் மீண்டும் பார்க்கும் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சி எது என்று கேட்டால், இப்படங்களையும் நள்ளிரவுத் திருப்பலியின் நேரடி ஒளிபரப்பையும்தான் காட்ட இயலும்.

அண்மைக் கால மாற்றங்கள்

பெருந்தொற்றுக் காலத்தில் திரையரங்குகள் முடங்கியிருந்தமையால் 'நாங்க ரொம்ப பிஸி' 2020 தீபாவளியன்றும், 'புலிக்குத்தி பாண்டி' 2021 பொங்கலையொட்டியும் நேரடியாகச் சன் தொலைக்காட்சியில் வெளியாயின. சூரரைப் போற்று (2020), ஜெய் பீம் (2021) ஆகியவை தீபாவளிக்குச் சில நாட்கள் முன்னதாக அமேசான் இணையச் சேவையில் வந்தன. இதனால் 'முதன்முறையாக' என்ற சொல்லின் வலு குறைந்தது. தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பிகளுள் மிகப் பெரும்பாலானவை 2022ஆம் ஆண்டுக்குள் நிறுத்தப்பட்டன. பொதிகை தொலைக்காட்சி சனவரி 19, 2024 முதல் 'டிடி தமிழ்' எனப் பெயர் மாற்றம் பெற்றது.

ஒரு நாளுக்காகவே எடுக்கப்பட்ட நிகழ்ச்சிகளைச் சேமிக்க வேண்டும் என்ற எண்ணம் தொடக்கத்தில் எங்கும் குறைவாகவே இருந்தது. நாடாவின் விலை கருதிப் பழைய பதிவுகளை அழித்து அதே நாடாவில் மீண்டும் பதிவு செய்யும் வழக்கம் பி.பி.சி.யிலும் இருந்தது. தமிழ்ப் பட்டிமன்றங்களுள் பல இன்று யூடியூபில் கிடைக்கின்றன. அவற்றுள் ஒரு பகுதி பார்வையாளர்கள் வீட்டில் விசிஆர் மூலம் பதிவு செய்து வைத்திருந்தவை; இடையிடையே அக்காலத்துத் துணிக்கடை விளம்பரங்களும் அப்படியே உள்ளன.