28 நாள்

2010 டிசம்பர் 1. ஜகார்த்தாவில் இந்தோனேசியாவிடம் 1–5. கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் டிவியை அணைத்துவிட்டு அப்பா சொன்னார்: "இவரையும் தூக்கிருவானுங்க பாரு."

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. 2009 ஜனவரியில் ஐக்கிய அரபு சிற்றரசுகளிடம் 0–5 என்று தோற்றதோடு பயிற்றுநர் பி. சத்தியநாதன் போனார். பின்னால் வந்தவரும் தமிழர், கே. ராஜகோபால். ரெண்டு பேருமே அஞ்சு கோல் வாங்கினால் லயத்தில் பேச்சு வேறு மாதிரிதானே போகும்!

ராஜகோபால் 1956இல் செத்தாப்பாக்கில் பிறந்தவர். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடியவர். மொக்தார் டஹாரி, சந்தோக் சிங், 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம் எல்லாம் இருந்த காலம் அது. அந்த வெளிச்சத்தில் ஆட்டக்காரர் ராஜகோபாலை எங்கள் தலைமுறைக்கு அவ்வளவாகத் தெரியாது. பயிற்றுநராகத்தான் தெரியும். 2009 டிசம்பரில், லாவோஸ் சீ விளையாட்டில், 23 வயதுக்குட்பட்ட குழு வியட்நாமை 1–0 என்று வென்றது. 20 வருஷம் கழித்து வந்த தங்கம். அந்த ஒரு கோலும் எதிரணியே போட்டுக்கொண்டது என்று கிண்டல் செய்தவர்களும் உண்டு.

அந்தப் பையன்களில் பலரை அவர் சுஸுகி கிண்ணத்துக்கும் கொண்டுபோனார். 1–5க்குப் பிறகும் அவர்களை நம்பினார் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை அவருடைய பெரிய காரியம். தாய்லாந்தோடு 0–0. லாவோஸை 5–1. அரையிறுதியில் வியட்நாமை புக்கிட் ஜாலிலில் 2–0, ஹனோயில் 0–0. இறுதியில் மறுபடியும் இந்தோனேசியா.

டிசம்பர் 26, புக்கிட் ஜாலில். லேசர் ஒளி அடித்ததால் இந்தோனேசிய ஆட்டக்காரர்கள் வெளியேற, ஆட்டம் சில நிமிடம் நின்றது. நம்மவர்கள் செய்த அசிங்கம், மறைக்க வேண்டியதில்லை. திரும்பி வந்ததும் சாஃபி சாலி 2, அஷாரி 1. 3–0. 29ஆம் தேதி அதே ஜகார்த்தா திடலில் ஃபிர்மான் உதினாவின் பெனால்டியை கைருல் ஃபாமி பிடித்தார். 1–2 என்று தோற்றும், மொத்தக் கணக்கில் 4–2. மலேசியாவின் முதல் கிண்ணம். 28 நாள்தான் இடைவெளி.

லயத்தில் எல்லாரும் குணாளன் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனால் குழுவில் பெரும்பாலும் மலாய்ப் பையன்கள். அவர்களை ஜெயிக்க வைத்தவர் நம்ம ஆள் என்பதை அப்பா ரெண்டு தடவை சொன்னார். 31ஆம் தேதி நாடு முழுக்கப் பொது விடுமுறை. எனக்கு எப்படியும் பள்ளி லீவு, அப்பாவுக்குத்தான் லாபம். அன்று திடலில் எல்லாப் பையன்களும் கைருல் ஃபாமி. பந்து தேயிலைச் செடிக்குள் இறங்கினால் எடுக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

2012இல் அரையிறுதியில் தாய்லாந்திடம் தோற்றோம். 2013இல் அவர் ஒப்பந்தம் முடிந்தது. 2014இலும் 2018இலும் வேறு பயிற்றுநர்களோடு இறுதிவரை போய்த் தோற்றோம். ராஜகோபால் சரவாக் குழுவுக்குப் போனார். அதைப் பற்றி எங்கள் லயத்தில் யாரும் பேசிய ஞாபகம் எனக்கில்லை.