நெடுவழியும் கடைப்பிடியும்

1998ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் கோலாலம்பூரில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்றன. அவற்றுள் ஒன்று 50 கிலோமீட்டர் நடைப் போட்டி. மைல் கணக்கில் ஏறத்தாழ 31. நியூசிலாந்து நாட்டுக் கிரேக் பாரெட் என்பார் எல்லாரையும் முந்தி வந்துகொண்டிருந்தார். முடிவிடத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் இருக்கையில் வெம்மை தாங்காமல் நிலைகுலைந்து வீழ்ந்தார். பின்னால் வந்துகொண்டிருந்த மலேசிய வீரர் கோவிந்தசாமி சரவணன் அவரைக் கடந்து, 4 மணி 10 நிமிடம் 5 வினாடியில் முதல்வராக வந்து சேர்ந்தார். காமன்வெல்த் தடகளத்தில் மலேசியா பெற்ற முதல் தங்கம் அதுவே.

அந்த நேரத்தைத் தொலைவால் வகுத்துப் பார்த்தால், கிலோமீட்டருக்கு ஐந்து நிமிடம் என்று ஏறக்குறையச் சரியாக விழுகிறது. இரண்டாமவரான ஆஸ்திரேலியர் டுவேன் கசின்ஸ் அரை நிமிடத்துக்கும் குறைந்த இடைவெளியில் பின்தங்கினார். நான்கு மணி நேரத்துக்கும் மேற்பட்ட நடையில் அரை நிமிடம்! இத்தகைய வெற்றிகளைக் கால் வலிமைக்கும் நெஞ்சுரத்துக்கும் உரியனவாகப் பாராட்டுவது உலக வழக்கு. அவ்விரண்டும் வேண்டுவனவே. ஆயினும் அவற்றோடு மூன்றாவது ஒன்றும் வேண்டும். அதற்குப் பழந்தமிழில் நல்லதொரு சொல் இருக்கிறது என்பதும், மலாக்காத் தோட்டங்களில் வாழ்ந்த நம் மக்கள் அச்சொல்லை அறியாமலே அப்பண்பைப் பயின்றார்கள் என்பதும் ஈண்டுக் கூற வந்தவை.

முதலில் நடைப் போட்டியின் விதியைப் பார்ப்போம். ஓட்டத்தில் இரு கால்களும் நிலத்தை விட்டு எழும்பும் நொடி ஒன்று உண்டு. நடையில் அது கூடாது. காண்பவர் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு கால் நிலத்தை விட்டு எழுமுன் மற்றது ஊன்ற வேண்டும். முன்வைத்த கால் நிலத்தைத் தொட்ட கணம் முதல், உடல் அதன்மேல் நேராக வரும்வரை, முழங்கால் மடங்கவும் கூடாது. வழிநெடுக நடுவர்கள் நின்று பார்க்கிறார்கள். அந்நாளைய விதிப்படி, நடுவர் மூவர் சிவப்பு அட்டை கொடுத்துவிட்டால் அன்று வரை அந்த விளையாட்டுக்காரர் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடும். ஓரடிக்கு ஒன்றேகால் மீட்டர் என்று கொண்டாலும், 50 கிலோமீட்டருக்கு நாற்பதாயிரம் அடிகள் ஆகின்றன. நாற்பதாயிரம் முறையும் முழங்கால் எவ்வாறு இருக்கிறது என்பதை நடப்பவர் தாமே அறிந்துகொண்டிருக்க வேண்டும். களைப்பு மிகும்போது உடல் தானாகவே ஓடப் பார்க்கும். அதைத் தடுப்பது அறிவின் வேலை.

இருபது வினாடி ஓட்டத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. டாக்டர் மணி ஜெகதீசன் 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 வினாடியில் ஓடினார். அச்சாதனையை 2017இல் முறியடித்த கைருல் ஹாபிஸ் ஜந்தான் நம் மலாக்கா மாநிலத்தவர். அவர்கள் பயிற்சிக் களத்தில் எண்ணியதெல்லாம் போட்டியின்போது எண்ணமில்லாமலே வெளிப்பட வேண்டும். நெடுந்தொலைவு அவ்வாறன்று. அங்கே எண்ணுவதற்கு நேரம் மிகுதி. அந்த நேரத்தில் எதை எண்ணுவது என்பதே வினா.

இவ்வாறு செய்வதை அறிந்தே செய்யும் நிலையை இக்காலத்தில் ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று பெரிதாகப் பேசுகிறார்கள். மொழிபெயர்ப்போர் சிலர் அதனை ‘மனநிறைவு’ என்று எழுதிவிடுகின்றனர். மனநிறைவாவது திருப்தி. உண்டு முடித்தவனுக்கு மனநிறைவு வரலாம். அவன் விழிப்போடு இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த ஆங்கிலச் சொல்லே பாலி மொழியில் உள்ள ‘சதி’ என்னும் சொல்லுக்கு நேராக வந்தது. சதியாவது வடமொழி ‘ஸ்மிருதி’. நினைவு என்று பொருள். நடக்கும்போது நடப்பதை அறிந்து நடக்க வேண்டும், மூச்சு நீளும்போது நீள்வதை அறிய வேண்டும் என்று பௌத்த நூல்கள் இதனைப் பயிற்றுகின்றன. எண்வகை நெறியுள் ஒன்றான ‘சம்மா சதி’யைத் தமிழில் எழுதிய அறிஞர்கள் ‘நற்கடைப்பிடி’ என்று வழங்கினர்.

கடைப்பிடி என்னும் சொல்லைத் தேர்ந்தவர் எவராயினும் வாழ்த்துக்குரியவர். இறையனார் களவியலுரை, தலைவனுக்குரிய குணங்களை அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என நான்காக எண்ணி, மேற்கொண்டதை மறவாதிருத்தலே கடைப்பிடி எனப் பொருள் விரிக்கிறது. சதி நினைவு; கடைப்பிடி மறவாமை. இரண்டும் ஒன்றாய்ப் பொருந்துகின்றன. திருக்குறளில் இதற்கெனத் தனி அதிகாரமே உண்டு. ‘பொச்சாவாமை’ என்னும் 54ஆவது அதிகாரம் அது. மிகுந்த களிப்பில் வரும் மறதி மிகுந்த சினத்தினும் தீது என்று வள்ளுவர் அதைத் தொடங்குகிறார். இக்கருத்துக்குப் பின்னர் மீண்டும் வருவோம்.

இனி மலாக்காவுக்கு வருவோம். மலாயாவில் ரப்பரை வாணிகப் பயிராக முதன்முதல் நட்டவர் தான் சாய் யான் என்னும் மலாக்காச் சீனர். இடம் புக்கிட் லிந்தாங், ஆண்டு 1896. அடுத்துப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் தோன்றியது. பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களிலும் தோட்டங்கள் பெருகின. கங்காணி முறையில் தமிழகத்திலிருந்து வந்த மக்கள் லயங்களில் குடியேறினர். இத்தோட்டங்களின் வரலாற்றை எழுதியோர் ஏக்கர் எத்தனை, இராத்தல் எத்தனை, கூலி எவ்வளவு என்று கணக்கிட்டிருக்கின்றனர். பால்மரம் வெட்டிய ஆளின் கவனத்தை எவரும் கணக்கிடவில்லை.

விடியுமுன் பெரட்டு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தத்தம் நிரைக்குச் செல்ல வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆதலால் இருளிலேயே வெட்டு. பால் தரும் நுண்குழல்கள் பட்டையின் உட்புறத்தில், மரத்தின் வளர்படலத்துக்கு அருகே மிகுந்திருக்கின்றன. ஆழமாகச் சீவினால் பால் கூடும். ஆனால் படலத்தில் கத்தி பட்டுவிட்டால் மரத்துக்குக் காயம். பட்டை முடிச்சு முடிச்சாக வளரும். பிற்காலத்தில் அந்தப் பக்கம் வெட்டுக்கு உதவாது. பாலுக்கும் காயத்துக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் இடம். சீவி எடுக்கும் பட்டையும் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே இருக்க வேண்டும். கூடினால் மரத்தின் ஆயுள் குறையும். இதைப் பனியிலும் கொசுக்கடியிலும், ஆணும் பெண்ணும், ஒரு காலையில் நானூறு மரத்துக்குச் செய்தார்கள். காயம் பட்ட மரத்துக்குக் கங்காணியிடம் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

நடையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். மரத்துக்கு மரம் இருபதடி என்று கொள்வோம். நானூறு மரத்துக்கு எண்ணாயிரம் அடி, ஒன்றரை மைல். மங்கில் சேர்ந்த பாலை எடுக்க அதே வழியில் மீண்டும் செல்ல வேண்டும். ஆக மூன்று மைல். லயத்திலிருந்து காட்டுக்கும், காட்டிலிருந்து பால் கொட்டகைக்கும் நடந்தது தனி. ஆண்டுக்கு 300 நாள், முப்பது ஆண்டு என்றால் 27,000 மைல் வருகிறது. பூமியின் சுற்றளவு 25,000 மைலுக்குச் சற்றுக் குறைவு. இந்த நடையில் அவ்வாள் இட்ட வெட்டுகள் 36 இலட்சம். என் கணக்கு உத்தேசமே. பாதியாகக் குறைத்தாலும் வியப்புக் குறையாது.

இந்த வேலைக்கு அரசாங்க ஏடுகள் என்ன பெயர் இட்டன? இந்தியாவில் 1922இல் நிறைவேறிய குடிபெயர்ச்சிச் சட்டம் வேலைகளைத் திறன் வேண்டுவன, திறன் வேண்டாதன என இரண்டாகப் பிரித்தது. விவசாய வேலை இரண்டாம் வகையில் அடங்கியது. 1938இல் மலாயாவுக்கு ஆட்கள் உதவி பெற்று வருவதை இந்திய அரசு தடுத்தபோதும் இதே வகைப்பாட்டைக் கொண்டே தடுத்தது. தடை நல்ல எண்ணத்தில் விளைந்ததுதான். பெயர் மட்டும் பொருந்தாப் பெயர். இருளில் ஒரு மில்லிமீட்டரை அளந்த கைக்குத் திறன் இல்லை என்று எழுதியவர், அந்தக் கத்தியை ஒரு நாளாவது பிடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

மலாக்காவிலேயே இதற்கு மாறான ஒரு நெடுநடையும் உண்டு. 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயிலிலிருந்து மாசி மகத்தன்று வெள்ளித் தேர் சேங்கில் உள்ள சன்னாசிமலைக் கோயிலுக்குச் செல்கிறது. தோட்டத்தாரும் நகரத்தாரும் காவடியோடு நடக்கின்றனர். அருள் வந்து ஆடுபவர் தம் உடலை மறக்கிறார். உடலின் வலியும் மறந்துபோகிறது. இது மறத்தலால் தொலைவைக் கடக்கும் வழி. பால்மரம் வெட்டியவர் வழி மறவாமையால் கடப்பது. ஒரே ஆள் மாசி வெயிலில் முதல் வழியையும், மற்றை நாள்களில் இரண்டாம் வழியையும் கையாண்டிருப்பார் என்பதில் ஐயமில்லை. இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை.

நெடுந்தொலைவு ஓட்டக்காரரிடையேயும் இவ்விரு வழிகளும் உள்ளன என்பதை அமெரிக்க ஆய்வாளர் வில்லியம் மார்கன், மைக்கேல் போலக் என்னும் இருவர் 1977இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினர். மாரத்தான் ஓடும் சாதாரண மக்கள் வலியை மறப்பதற்காகப் பாட்டையோ பழைய நிகழ்ச்சிகளையோ மனத்தில் ஓட்டிக்கொண்டே ஓடினார்கள். முதல்தர வீரர்களும் அவ்வாறே செய்வர் என்று ஆய்வாளர் எதிர்பார்த்தனர். கண்டது வேறு. அவ்வீரர்கள் மூச்சையும், தொடை இறுக்கத்தையும், பாதச் சூட்டையும் ஓயாது கவனித்து, அவற்றுக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்தனர்.

ஆனால் இதை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஜெர்மனியில் லிண்டா ஷுக்கர் முதலியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற ஓட்டக்காரர்கள் ஒரே வேகத்தில் ஓடும்போது தம் மூச்சின்மேலேயே கருத்தை வைத்தால் உயிர்வளிச் செலவு கூடியது. சுற்றுப்புறத்தைப் பார்த்து ஓடியபோது குறைந்தது. மூச்சைப் பார்த்துப் பார்த்து மூச்சைக் கெடுத்துக்கொள்கிறோம் போலும்! இங்கும் பால்மரம் வெட்டியவரே நமக்கு உதவுகிறார். அவர் தம் மணிக்கட்டையா பார்த்துக்கொண்டிருந்தார்? அவர் கண் பட்டையின்மேல் இருந்தது. கை எங்கே தவறுகிறது என்பதைப் பட்டையே அவருக்குச் சொல்லிற்று. கடைப்பிடிக்குப் பொருள் ‘மேற்கொண்டதை மறவாமை’ என்று உரையாசிரியர் வகுத்ததன் நயம் இதுவே. மேற்கொண்டது வேலை, தன் உடல் அவ்வேலைக்கு உரிய கருவி.

மறந்தால் வருவது என்ன என்பதற்கு 1954ஆம் ஆண்டு வான்கூவர் நகரில் நடந்த மாரத்தான் போட்டி சான்று. ஆங்கிலேயரான ஜிம் பீட்டர்ஸ் அந்நாளில் உலகிலேயே விரைவான மாரத்தான் வீரர். அவ்வாண்டில் தொலைவை 2 மணி 17 நிமிடங்களில் முடித்துச் சாதனை படைத்திருந்தார். தொடக்கம் முதலே விரைந்து ஓடுவது அவர் முறை. வான்கூவரின் கடும் வெயிலிலும் அவ்வாறே ஓடினார். அரங்கத்துள் நுழைந்தபோது அடுத்தவரைவிட ஏறத்தாழ 17 நிமிடம் முந்தியிருந்தார். அதன்பின் விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். பதினொரு நிமிடத்தில் இருநூறு கெஜம் அளவே நகர முடிந்தது. கோட்டைத் தொடாமலே தூக்கிச் செல்லப்பட்டார். ஸ்காட்லாந்தின் ஜோ மெக்கீ வென்றார். பீட்டர்ஸ் அதன்பின் எந்தப் போட்டியிலும் ஓடவில்லை.

களிப்பில் வரும் மறதியைப் பற்றி வள்ளுவர் கூறியது இங்கே பொருந்துகிறது. தொடக்கத்து மைல்களில் கால்கள் இலேசாக இருக்கும். காற்று இனிதாக இருக்கும். முன்னால் எவருமில்லை என்பதில் ஓர் உவகை பிறக்கும். நெடுந்தொலைவில் இடர் தருவது அந்த உவகைதான். வலி வந்தபின் எவனும் விழித்துக்கொள்வான். பாரெட்டுக்கு நேர்ந்ததையும் இப்படியே விளக்கிவிடலாமா என்றால், கூடாது. கோலாலம்பூரின் ஈரக்காற்றில் வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. குளிர்நாட்டார் எத்துணை விழிப்போடு இருந்தாலும் இந்நாட்டு வெப்பத்துக்கு உடல் பழக நாளாகும்.

மூச்சைப் பற்றித் தமிழாசிரியர்களுக்கு ஒரு குறிப்பு. ‘கால்’ என்னும் சொல்லுக்குப் பாதம் என்பதோடு காற்று என்றும் பொருள் உண்டு. யோக நூல்களில் அது மூச்சைக் குறிக்கும். திருமூலர் மூன்றாம் தந்திரத்தில் மூச்சை உள்ளிழுத்தல், நிறுத்தல், வெளிவிடுதல் ஆகியவற்றை மாத்திரைக் கணக்கிட்டுக் கூறுகிறார். ஓடும் மாணவனிடம் அந்தக் கணக்கைப் புகுத்துவது தவறு. அது அமர்ந்து செய்யும் பயிற்சி. ஓட்டத்தில் மூச்சை நிறுத்தினால் மயக்கமே மிஞ்சும். ஓடுபவனுக்கு வேண்டுவது எளிய சோதனை. பக்கத்தில் வருபவனோடு ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கினால் குறைக்க வேண்டும். பள்ளித் திடலில் இதைக் கற்பிக்கக் கடிகாரமும் வேண்டா.

50 கிலோமீட்டர் நடை காமன்வெல்த் விளையாட்டுகளில் 2006க்குப் பின் இல்லை. ஒலிம்பிக்கில் 2021இல் சப்போரோவில் கடைசியாக நடந்தது. மலாக்காத் தோட்டங்களிலும் ரப்பர் பெரும்பாலும் செம்பனைக்கு இடம் கொடுத்துவிட்டது. மரம் வெட்டியவர்களுள் பலர் இன்று நகரத்து வீடுகளில் பேரப் பிள்ளைகளோடு இருக்கிறார்கள். கத்தி படலத்தைத் தொடப்போவதை இருளில் எவ்வாறு அறிந்தீர்கள், கையாலா, காதாலா, பால் கசிந்த அளவாலா என்று அவர்களைக் கேட்டு, அவர்கள் சொல்லும் சொற்களிலேயே எழுதி வைக்கும் வேலை இன்னும் தொடங்கப்படாமல் இருக்கிறது.