பிரட்டுத் தப்பும் காமன் தப்பும்

இலங்கையின் பதுளை, பசறை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களில் ஒருகாலத்தில் விடியலை அறிவித்தது தப்பு என்னும் தோற்பறை. அந்த ஓசைக்குத்தான் தொழிலாளர் லயம் எழுந்து, ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பும் பிரட்டுக்களத்துக்கு ஓடியது. ஆகவே அது தோட்டத் துரைமாரின் கருவி என்பார்கள். பாதி உண்மை. மலையகக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையின் 'தேயிலைத் தோட்டத்திலே'யிலும் விடியல் தப்போசையோடுதான் வருகிறது, கொண்டாட்டமாக அல்ல. ஆனால் தப்பைச் செய்தவர்களையும் பார்க்க வேண்டும். மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கி, வட்டச் சட்டமாகப் பொருத்தி, பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் இழுத்து ஒட்டுவது கைப்பழக்கத்தில் வந்த வித்தை. ஊவா மலையின் ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். சருகைக் கொளுத்திக் காய்ச்சினால்தான் சுதி ஏறும். எவ்வளவு சூடு போதும் என்பது அடிப்பவர் விரலுக்குத் தெரியும், கணக்கப்பிள்ளைக்குத் தெரியாது. மாசியில் மன்மதன் கதையான காமன் கூத்து தொடங்கினால் ரதியையும் மதனையும் ஆடவைப்பது அதே தப்பு. அடி மாற ஆட்டமும் மாறும். அங்கே துரைக்கு வேலையில்லை.

தப்புக்கு எதிரான இன்னொரு மறுப்பு கனமானது: சாவு வீட்டில் அடிக்கச் சொல்லிச் சாதியைக் காட்டி வற்புறுத்தியதும் இதே வாத்தியத்தை வைத்துத்தான். இளைஞர்கள் சிலர் அதைத் தொட மறுத்தது நியாயமே. ஆனால் அந்த இழிவைச் சுமத்தியவர்களை விட்டுவிட்டுத் தப்பைக் குற்றவாளியாக்கினால், செய்தவரின் தொழிலறிவும் சேர்ந்து தண்டனை பெறும். பின்னாளில் பிரட்டுக்குத் தப்புக்குப் பதில் சங்கு ஊதியது. துரைக்கு மட்டுமே உரியதென்றால் தப்பு அன்றே பரணுக்குப் போயிருக்கும். காமன் கூத்து ஆடும் பொட்டலில் அது இன்னும் ஒலிக்கிறது.