படத்தைப் படித்தல்: சென்னையின் மேற்குப் புறநகரும் சிறுவர் படநூலும்

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் எழுத்தறிவு காதாலும் விரலாலும் புகட்டப்பட்டது. ஆசிரியர் உரக்கச் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே பிள்ளைகள் மணலில் எழுத்துப் பழகினார்கள். ஓலையும் எழுத்தாணியும் பிறகுதான் கைக்கு வந்தன. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் மனப்பாடமாயின. 1789இல் எழும்பூரில் படைவீரர்களின் பிள்ளைகளுக்கான அனாதை இல்லத்தின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுவதையும் ஒரு மாணவன் மற்றொருவனுக்குச் சொல்லித் தருவதையும் 1797இல் லண்டனில் வெளியிட்ட நூலில் விவரித்தபோது, அது 'மெட்ராஸ் முறை' என்று பெயர் பெற்று இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. பாடந்தோறும் ஒரு படம் வைத்து மொராவியக் கல்வியாளர் கொமேனியஸ் எழுதிய குழந்தை நூல் 1658இலேயே நூரம்பெர்க்கில் அச்சாகி ஐரோப்பாவில் புழங்கிக்கொண்டிருந்தது என்றாலும், சென்னையிலிருந்து கப்பலேறிய முறையில் படத்துக்கு வேலை இருக்கவில்லை.

படம் அரிச்சுவடிக்குள் நுழைந்தபோது எழுத்துக்குப் பணிவிடை செய்யவே நுழைந்தது. அகரத்துக்கு அணில், ஆகாரத்துக்கு ஆடு, இகரத்துக்கு இலை, உகரத்துக்கு உரல் என்று அமைந்த வரிசை பதிப்புக்குப் பதிப்பு ஏறத்தாழ மாறாமல் வந்தது. மிக்சி வந்து உரல் வீட்டுக் கொல்லைக்குப் போன பிறகும் அரிச்சுவடியில் அது அசையவில்லை. ஐகாரத்துக்கு 'ஐவர்' என்று ஐந்து பேரை நிறுத்தி வரைந்தால், அதைப் பார்க்கும் குழந்தை 'ஆளுங்க' என்று சொல்வதை யாரும் தடுக்க முடியாது. ஔகாரத்துக்கு ஔவையாரை விட்டால் வேறு வழி அரிது. ஆய்தம் சொல்லின் முதலில் வராது என்பதால் அங்கே மட்டும் 'எஃகு' என்று நடு எழுத்தைக் காட்ட வேண்டியிருந்தது. இதைவிடப் பெரிய சிக்கல், படத்தைப் பார்த்துச் சொல்லைச் சொல்லிவிடும் குழந்தை எழுத்தைக் கவனிக்காமலே பாடத்தைக் கடந்துவிடலாம் என்பது. படநூல் என்பது இதிலிருந்து வேறானது: அதில் கதையின் ஒரு பகுதியைச் சொற்களும் மற்றொரு பகுதியைப் படமும் சுமப்பதால், படத்தை நீக்கினால் கதை நிற்காது, படமே படிக்கப்பட வேண்டியதாகிறது.

சென்னையின் மேற்குப் புறநகரான அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்துக்கு இந்த இரண்டாம் வகை நூல் வந்த வழி, புத்தகக் கடைகள் நிறைந்த நகர்ப்பகுதியின் வழியிலிருந்து வேறுபட்டது. விடுதலைக்குப் பின் டி.ஐ. சைக்கிள், டன்லப் ஆலைகளும், 1961இல் நிறுவப்பட்ட ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும், அதே பத்தாண்டில் உருவான அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் வெளிமாவட்டங்களிலிருந்து குடும்பங்களை இங்கே இழுத்து வந்தன. பெற்றோருக்கே எழுத்துப் பழக்கம் குறைவாயிருந்த வீடுகளில், விலை கொடுத்து வாங்கும் கதைநூல் எளிதில் சேரும் பொருளன்று. 1947 ஜூலையில் தொடங்கி, பின்னர் வடபழனியிலிருந்து பல மொழிகளில் வெளிவந்த 'அம்புலிமாமா' போன்ற இதழ்களும் கிளை நூலகங்களுமே அக்குறையை ஓரளவு ஈடுசெய்தன. நூலகங்களுக்கு அடித்தளமிட்டது 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம்.

வண்ணப் படநூல் மலிவு விலையில் கிடைத்ததற்குச் சோவியத் ஒன்றியம் ஒரு முக்கியக் காரணம். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும், பின்னர் 1982இல் அதிலிருந்து பிரிந்த ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய சிறுவர் நூல்களை, 1951இல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் தமிழகமெங்கும் விற்றது. அந்நிறுவனத்தின் தலைமையகம் இன்று அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. ரா. கிருஷ்ணையா, பூ. சோமசுந்தரம் போன்றோர் மாஸ்கோவிலேயே தங்கி மொழிபெயர்த்தார்கள். 'அப்பா சிறுவனாக இருந்தபோது' என்ற நூலை இன்றும் பலர் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார்கள். பனியும் கம்பளித் தொப்பியுமாக வந்த அந்தப் படங்களில் தமிழ்க் குழந்தையின் தெரு இல்லை என்ற குறை நியாயமானதே. ஆயினும் படமும் சொல்லும் ஒரே பக்கத்தில் ஒன்றையொன்று தாங்கி நிற்பதைப் பலருக்கு முதலில் காட்டியவை அவைதான். 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்ததும் நூல்வரத்து நின்றது.

1994இல் தாராவும் 1996இல் தூலிகாவும் சென்னையிலேயே பதிப்பகங்களாக எழுந்தன. தூலிகா வெளியிட்ட 'காளியும் சாரைப்பாம்பும்' கதையின் நாயகன் ஓர் இருளர் சிறுவன். பனிக்கு மாற்றாக நம் மண் படநூலுக்குள் வந்துவிட்டதற்கு அது ஒரு சான்று.

அரசுப் பள்ளிகளில் மாற்றம் செயல்வழிக் கற்றலோடு வந்தது. ஆந்திரத்து ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைத் தழுவி 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆணையர் எம்.பி. விஜயகுமார் தலைமையில் தொடங்கிய இம்முறை, அப்போது மாநகராட்சிக்கு வெளியே இருந்த அம்பத்தூரையும் ஆவடியையும் 2007-08இல் மாநிலம் முழுவதும் பரவியபோது எட்டியது. பாடம் படச் சின்னங்கள் கொண்ட அட்டைகளாகப் பிரிக்கப்பட்டது; குழந்தை தன் கற்றல் ஏணிப்படியில் அடுத்து எந்தச் சின்னம் என்று பார்த்துத் தட்டிலிருந்து அட்டையைத் தானே எடுத்துக்கொண்டது; வரைந்த தாள் தலைக்கு மேல் கம்பிப்பந்தலில் தொங்கியது. குழந்தை தானே எடுத்துப் பார்க்கும் உரிமை பெற்றது பெரிய முன்னேற்றம் எனினும், அட்டையின் படம் வழிகாட்டிப் பலகையாகவே பயன்பட்டது, கதை சொல்லவில்லை.

கொரோனா அடைப்புக்குப் பின் 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டம் படத்தையும் பாட்டையும் தொடக்க வகுப்பின் மையத்துக்குக் கொண்டுவந்தது. 2023இல் வந்த வாசிப்பு இயக்கம் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் மெல்லிய கதைநூல்களை அரசுப் பள்ளிகளுக்குத் தந்தது. பாடநூலுக்கு வெளியே, தேர்வில் கேள்வியாக வராத படக்கதையை அரசே அச்சிட்டு வழங்கியது என்பதே இதன் சிறப்பு. பூவிருந்தவல்லியில் பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி உள்ள வட்டாரம் இது என்பதால், கோடுகளை மேடாக்கி விரலால் தொட்டறியச் செய்யும் படநூலுக்கும் இத்திட்டங்களில் நிலையான இடம் வேண்டும்.

குழந்தைகள் கிழித்தும் கிறுக்கியும் பயன்படுத்திய நூல்களை நூலகங்கள் பெரும்பாலும் கழித்துவிடுவதால், இந்த வரலாற்றின் சான்றுகள் வீட்டுப் பரண்களிலேயே தங்கியிருக்கின்றன. பழைய அரிச்சுவடியோ மாஸ்கோ அச்சிட்ட கதைநூலோ வைத்திருப்போர், எடைக்குப் போடும் முன் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தையோ தம் ஊர்க் கிளை நூலகத்தையோ ஒருமுறை கேட்டுப் பார்க்க வேண்டும்.