செத்த காலேஜும் உயிர்க் காலேஜும்

எழும்பூர் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும், மூர்மார்க்கெட்டை ஒட்டியிருந்த மிருகக்காட்சி சாலையை 'உயிர்க் காலேஜ்' என்றும் சென்னைவாசிகள் சொல்லிவந்த காலம் ஒன்றிருந்தது. 1985இல் மிருகங்கள் வண்டலூருக்குக் குடிபெயர்ந்த பிறகு உயிர்க் காலேஜ் வழக்கொழிந்தது. துணையை இழந்த செத்த காலேஜும் மெல்ல மறைந்தது. செத்ததும் உயிரும் புரிகின்றன. 'காலேஜ்' எங்கிருந்து வந்தது?

அதற்கு நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலைக்குப் போகவேண்டும். கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பிக்க 1812இல் எல்லிஸ் முயற்சியால் தொடங்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி இயங்கிய இடம் அது. பஞ்சதந்திரத்தைத் தமிழில் தந்த தாண்டவராய முதலியார் பணியாற்றியது இக்கல்லூரியில்தான். இதன் மாடியில்தான் 1851இல் சென்னை அருங்காட்சியகம் பிறந்தது. சென்னை இலக்கியச் சங்கம் திரட்டியிருந்த சுமார் 1100 கனிமப் பாறை மாதிரிகளே அதன் முதல் செல்வம். கல்லைப் பார்க்கக் காலேஜுக்குப் போன ஜனங்கள், அருங்காட்சியகம் 1854 இறுதியில் எழும்பூர் பாந்தியனுக்கு மாறிய பிறகும் பழைய பெயரை விடாமல் கூடவே எடுத்துச் சென்றிருக்கிறார்கள் என்று கருதுவதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

பொறுப்பேற்றவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். இந்துஸ்தானியும் பாரசீகமும் அறிந்தவர். பின்னாளில் இந்தியாவைப் பற்றி ஒரு கலைக்களஞ்சியமே தொகுத்தவர். பெண்களைச் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கவேண்டும் என்று வாதாடியவர். இவரைப் பற்றித் தமிழில் விரிவான நூல் ஒன்று வரவேண்டும். நமக்கு இங்கு வேண்டியது ஒரு செய்தி மட்டுமே. அருங்காட்சியகத்துக்கு ஒரு புலியும் சிறுத்தையும் உயிரோடு வந்துசேர்ந்தன. அவற்றைப் பார்க்க வரும் கூட்டம் பெருகுவதைப் பால்ஃபர் கவனித்தார். கற்களைப் பார்க்க வராதவர் புலியைப் பார்க்க வருகிறார். வந்தவர் போகிற போக்கில் கற்களையும் பார்க்கிறார். சேப்பாக்கத்து நவாபிடம் பேசி அவருடைய மிருகங்களையும் பெற்றார். 1855இல் பாந்தியன் வளாகத்திலேயே மிருகக்காட்சி சாலை உருவாயிற்று. அடுத்த ஆண்டுக்குள் 300க்கும் மேற்பட்ட உயிர்கள் சேர்ந்துவிட்டன. 1863இல் அவை பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. காலேஜ் இரண்டானது அப்படித்தான்.

இன்று அருங்காட்சியகங்களில் 'அவுட்ரீச்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. 'கன்சல்டன்ட்' என்று ஒருவர் வருகிறார். மேல்நாட்டிலிருந்து அண்மையில் இறக்குமதியான வேலை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பால்ஃபர் செய்தது அதுவன்றி வேறென்ன? கன்சல்டன்டும் இருந்தார். வால்டர் எலியட் 1845இல் தோண்டியெடுத்த அமராவதிச் சிற்பங்கள் சென்னைக்கு வந்து, அதே கல்லூரியின் முன்னால் வெயிலிலும் மழையிலும் கிடந்தன. பால்ஃபர் அவற்றை அருங்காட்சியகத்துக்குள் கொண்டுவந்து, என்னவென்று எழுதித் தருமாறு பாதிரியார் வில்லியம் டெய்லரை அழைத்தார் (மெக்கன்சி சுவடிகளுக்கு அட்டவணை போட்ட அதே டெய்லர்). டெய்லரின் விளக்கங்கள் காலத்தில் நிற்கவில்லை. கற்களே நிற்கவில்லை என்பதுதான் பெரிய துயரம்: 1859இல் 121 சிற்பங்கள் லண்டனுக்குக் கப்பலேறின. சென்னையில் எஞ்சியவற்றுக்கு நிறைவான நூல் 1942இல்தான் சி. சிவராமமூர்த்தியின் கையால் வந்தது. கிட்டத்தட்ட நூறாண்டு, பார்க்க வந்தவனுக்குச் சொல்ல ஆளில்லாமல் அந்தப் புத்தர் கதைகள் ஊமையாக இருந்திருக்கின்றன.

1885இல் பொறுப்புக்கு வந்த எட்கர் தர்ஸ்டனைத் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றிய ஏழு தொகுதிகளுக்காக நாம் அறிவோம். கோஷா பெண்களுக்கென மாதத்தில் ஒரு நாளை ஒதுக்கியது அவர் காலத்து நல்ல ஏற்பாடு. ஆனால் பொதுக்கூட்டத்தின் மீது அவருக்கு மதிப்பில்லை. அருங்காட்சியகத்தைத் தமாஷா வீடாக எண்ணி வருகிறவர்கள், பளிச்சென்று எதையாவது வைத்தால் போதும் என்று எழுதினார். பால்ஃபர் கண்டதும் இதே கூட்டத்தைத்தான். ஒருவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டு புலியைக் கட்டினார், மற்றவர் அலுத்துக்கொண்டார். தமாஷா வீடு என்று அதிகாரி சொன்ன இடத்தை ஜனங்கள் காலேஜ் என்றே அழைத்தார்கள் என்பதையும் நாம் மறக்கக்கூடாது.

இவ்விரு பார்வைகளில் பால்ஃபருடையதற்கு அடையாறைத் தாண்டித் தெற்கே ஒரு வாரிசு உண்டு. டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய சென்னைக் கைவினை அறக்கட்டளை, 1996இல் முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவைத் திறந்தது. தென்மாநிலங்களின் பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி கட்டிய இடம். அங்கே வீட்டைவிட முக்கியம் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆள். சக்கரத்தில் மண்ணை வைத்துப் பிள்ளையின் கையைப் பிடித்து அழுத்தும் குயவரும், பள்ளிக்கூட வரிசையை நிறுத்திக் கதை சொல்லும் இளம்பெண்ணும் இல்லையென்றால் அந்த வீடுகளும் செத்த காலேஜ்தான். 2004முதல் சென்னை தினத்தையொட்டி மயிலாப்பூர் மாடவீதிகளில் கூட்டம் சேர்த்து நடப்பவர்களையும் இந்த வரிசையில் சேர்க்கலாம். கூரையில்லாத அருங்காட்சியகம் அவர்களுடையது.

கட்டடத்துக்கும் விளக்குக்கும் தொடுதிரைக்கும் பணம் ஒதுக்க யாரும் தயங்குவதில்லை. வாய்திறந்து சொல்கிறவருக்கு என்று வரும்போதுதான் கை சுருங்குகிறது. எழும்பூரில் பள்ளிப் பிள்ளைகள் திமிங்கில எலும்புக்கூட்டின் அருகில் நிற்கத்தான் விரும்புகிறார்கள். 'நகரு, நகரு' என்ற குரல்தான் அவர்களுக்கு முதலில் கேட்கிறது.

கல்லூரிச் சாலையில் பழைய கல்லூரியின் நுழைவளைவு இன்னும் நிற்கிறது. அது இருக்கும் டி.பி.ஐ. வளாகத்துக்கு ஆசிரியர்கள் மனுவோடு வந்துபோகிறார்கள். சாலைக்குப் பெயர் தந்த கல்லூரி எது என்று அங்கே யாரைக் கேட்டாலும், 1915இல் தொடங்கப்பட்ட மகளிர் கிறித்தவக் கல்லூரியைத்தான் கைகாட்டுகிறார்கள்.